மலைச் சைக்கிளா, வீதிச் சைக்கிளா? ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முதலில் ஒரு விளக்கம். இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றே வரும். மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் சைக்கிள் ஓடுபவர்கள் மூவர். தரம் ஆறிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருவர் ஆசிரியையானார், ஒருவர் வங்கியில் சேர்ந்தார், ஒருவர் வைத்தியரானார். உடம்பைப் பற்றிய பேச்சு என்றபடியால் மற்ற இருவரும் வைத்தியரை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்கள். பிழை விட்டால் அங்கிருந்து சத்தம் வரும்.

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்குப் பத்துச் சைக்கிள்கள் கொடுத்து, மாணவியருக்கு ஒரு சைக்கிள் கழகம் தொடங்குவது என்று சங்கம் தீர்மானித்தது உங்களுக்குத் தெரியும். அதைக் காலைக் கூட்டத்தில் அறிவித்த அன்று தரம் பத்து மாணவி ஒருவர் கையை உயர்த்திக் கேட்டார்: "மவுண்டன் பைக் ஓட்டுறவங்களா, ரேஸ் பைக் ஓட்டுறவங்களா, யாரு மிஸ் நெசமாவே கெட்டிக்காரங்க?" இரண்டு பேரும்தான் என்று மழுப்பிவிட்டு வந்தோம். அந்தப் பதிலால் அந்தப் பிள்ளைக்குத் திருப்தி வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அதே கேள்வி சங்கத்துக்குள்ளும் வந்துவிட்டது. பத்தையும் எந்த வகையில் வாங்குவது? இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. செயலாளர் அக்கா கூட்ட அறிக்கையில் அதை நாகரிகமாக "நீண்ட கலந்துரையாடல்" என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் காலத்தில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. இந்த வளவுக்குள் இருந்தது ஒரே ஒரு சைக்கிள், காவலாளி ஐயாவுடையது. கறுப்பு நிறம், கியர் இல்லை, பின்னால் ஒரு கரியர். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் பார்த்து மைதானத்தில் அதை உருட்டிப் பழகினோம். பாருக்கு அடியால் காலை விட்டு அரைப் பெடல் மிதித்தோம். அதற்கு மேல் வளரவில்லை. மலையில் சைக்கிள் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பெண்பிள்ளை சைக்கிளில் பாடசாலைக்குப் போவது யாருக்கும் செய்தியே இல்லை. தரை மட்டமாக இருக்கிறது. இங்கே சந்தியில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

2022இல் எரிபொருள் வரிசைகள் வந்தபோதுதான் நாங்கள் மூவரும், நாற்பதைத் தொட்டு நின்ற வயதில், மறுபடி சைக்கிளில் ஏறினோம். அந்த ஆண்டு இலங்கையில் சைக்கிள் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிடைத்ததை வாங்கினோம். வைத்தியருக்குக் கிடைத்தது வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் உள்ள பழைய ரேஸ் சைக்கிள். வங்கிக்காரர் தம்பியுடைய மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டார். ஆசிரியைக்குக் கூடை வைத்த லுமாலா. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நிற்கவில்லை. ஆகவே ஒரே பாதையில் மூன்று வகைச் சைக்கிள்களை மூன்று வருடமாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குத் தானாகவே கிடைத்தது.

இனிக் கேள்விக்கு வருவோம். வீதிப் போட்டி என்பது தார்ப் பாதையில் நீண்ட தூரம் ஓடுவது. பெண்களின் பெரிய போட்டிகளில் ஒரு நாளில் 100 முதல் 160 கிலோ மீற்றர் வரை போகும். மூன்று, நான்கு மணித்தியாலம் சேணத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நேரம் கூட்டமாக ஓடுவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். மலைப் போட்டியில், அதாவது கிராஸ் கன்ட்ரி எனப்படும் ஒலிம்பிக் வகையில், ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் கல், வேர், சேறு, செங்குத்து ஏற்றம், பாறையில் இருந்து கீழே பாய்தல் எல்லாம் ஒரே சுற்றில் வரும். அந்தச் சுற்றை ஐந்து, ஆறு தடவை போக வேண்டும். வேகம் குறைவாகையால் மற்றவருக்குப் பின்னால் ஒளிந்து பெரிதாக எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான வீதிப் போட்டி 1984இல் வந்தது. மலைப் போட்டி ஆண், பெண் இருபாலாருக்கும் 1996இல் அற்லாண்டாவில் ஒன்றாகவே வந்தது.

உடல் வலுவை அளக்க எங்களுக்குப் பழக்கமான அளவு ஒன்று உண்டு. உச்ச உழைப்பில் ஒரு நிமிடத்தில் உடம்பு எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்பதுதான் அது. 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சர்வதேசத் தரத்திலுள்ள ஏழு மலை ஓட்டிகளையும் ஏழு வீதி ஓட்டிகளையும் ஆய்வுகூடத்தில் வைத்து அளந்தார்கள். எல்லோரும் ஆண்கள். மலை ஓட்டிகளின் சராசரி எடை 65 கிலோ அளவில், வீதி ஓட்டிகளுடையது 75 கிலோ அளவில் இருந்தது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு என்று கணக்குப் பார்த்தால் மலை ஓட்டிகள் நிமிடத்துக்கு 78 மில்லிலீற்றர், வீதி ஓட்டிகள் 73 மில்லிலீற்றர். உடனே கை தட்ட வேண்டாம். எடையால் வகுக்காமல் மொத்த ஒட்சிசனைப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. இரண்டு பக்கமும் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றேதான், மலைக்காரர் அதை இலகுவான உடம்பில் பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் நின்று மீண்டும் வேகம் எடுக்க வேண்டியவருக்கு எடை பகை. காற்றோடு மல்லுக்கட்டித் தட்டையான பாதையில் ஓடுபவருக்குக் கூடுதல் தசை நட்டமில்லை. ஏழும் ஏழும் பதினான்கு பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இயந்திரத்தைப் பயன்படுத்தும் விதம்தான் வேறு. மலைப் போட்டியில் சராசரி இதயத் துடிப்பே உச்சத் துடிப்பின் 90 வீதத்தை அண்மித்திருக்கும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். முழுப் போட்டியின் சராசரி அது என்பதைக் கவனியுங்கள். தொடங்கியதில் இருந்தே மூச்சு வாங்கும். இறக்கத்திலும் ஆறுதல் இல்லை, ஏனென்றால் கால் ஓய்ந்தாலும் கை, தோள், முதுகு எல்லாம் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியே இதயத்தை விரட்டும். வீதி ஓட்டியோ இறக்கத்தில் காலை நிறுத்தி, மூச்சை மீட்டு, ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிடுவார். அதற்குப் பதிலாக ஐந்தாவது நாள், ஆறாவது நாள் என்று தொடர்ந்து எழும்பி ஓட வேண்டும். அது வேறு விதமான பொறுமை. ஒன்றரை மணித்தியாலம் தீயாக எரிபவருக்கும் ஒன்பது நாள் அணையாமல் எரிபவருக்கும் ஒரே தராசைக் கொண்டு வந்தால் தராசுதான் பிழை.

இங்கே ஒரு கதையையும் திருத்திவிட வேண்டும். நாங்கள் மலையில் பிறந்தவர்கள், காற்றில் ஒட்சிசன் குறைவு, ஆகவே எங்கள் நுரையீரல் பெரிது என்று சில அண்ணன்மார் மேடைகளில் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயரத்தால் இரத்தம் குறிப்பிடத்தக்க அளவு மாற வேண்டுமானால் 2,000 மீற்றரை அண்டியோ அதற்கு மேலோ வாழ வேண்டும். இரத்தோட்டை அதில் பாதிக்கும் குறைவு. எங்கள் பிள்ளைகளுக்கு வலு இருப்பது உண்மை. அது தோட்டத்து லயத்தில் இருந்து பாடசாலைக்கும், பாடசாலையில் இருந்து லயத்துக்கும் தினமும் ஏறி இறங்கும் கால்களில் இருக்கிறது. பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டி நகரத்துப் பிள்ளைகள் தேடுவதை எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையோடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

திறமை என்று வரும்போது விஷயம் சுவையாகிறது. மத்தியூ வான் டெர் போல் என்ற நெதர்லாந்துக்காரர் இன்றைய வீதி ஓட்டிகளில் முதல் வரிசையில் உள்ளவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் மலைப் போட்டிக்கு வந்தார். சுற்றில் ஒரு பாறையில் இருந்து கீழே இறங்கும் இடம் இருந்தது. முன்னோட்டப் போட்டியின்போது அங்கே ஒரு பலகைச் சாய்வு வைத்திருந்தார்கள். பலகை இருக்கும் என்று நினைத்து முன்சில்லை இறக்கினார். பலகை இல்லை. தலைகீழாகப் போய் விழுந்தார். இரண்டு வருடம் கழித்து, 2023 ஓகஸ்டில், கிளாஸ்கோவில் வீதிப் போட்டியின் உலக சம்பியன் ஆனார். ஆறு நாள் கழித்து அதே உலகப் போட்டித் தொடரில் மலைச் சைக்கிளில் ஏறி, முதல் சுற்றிலேயே விழுந்து விலகினார். ஆறு நாளில் அந்த மனிதரின் இதயமும் நுரையீரலும் குறைந்துவிடவில்லை.

அந்த மலைப் போட்டியிலும், டோக்கியோவிலும், பின்னர் 2024 பரிசிலும் வென்றவர் பிரித்தானியாவின் டொம் பிட்கொக். அவர் 2022இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் அல்ப் டுயெஸ் மலை உச்சியில் முடியும் நாளையும் வென்றார். அன்று எல்லோரும் பேசியது அவர் ஏறியதை அல்ல, கலிபியே கணவாயில் இருந்து அவர் இறங்கிய இறக்கத்தை. மற்றவர்கள் பயந்து பிரேக் பிடித்த வளைவுகளில் அவர் இடைவெளியை மூடிவிட்டார். அவுஸ்திரேலியாவின் கடெல் எவன்ஸ் 1998இலும் 1999இலும் மலைச் சைக்கிள் உலகக் கிண்ணம் வென்றுவிட்டு வீதிக்கு வந்து, 2011இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டியையே வென்றார். மலையில் கற்ற கை வீதிக்கு வந்து இலகுவில் பிழைத்துக்கொள்கிறது. வீதியில் கற்ற கைக்கு மலை அவ்வளவு இலகுவில் இடம் கொடுப்பதில்லை. இது எங்கள் கருத்து. மூன்றாம் வரிசையில் ஒருவர் தலையை ஆட்டி மறுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: கூட்டத்தில் ஓடுதல், முன்சில்லுக்கு ஒரு சாண் இடைவெளியில் பின்தொடர்தல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்குதல், பசிக்கு முன்பே சாப்பிடுதல் எல்லாம் வீதியில்தான் வரும். ரிவர்ஸ்டன் கணவாய்க் காற்றில் தனியே மிதித்துப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த மாணவியின் கேள்விக்கு முழுப் பதில் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் போலின் ஃபெரான்-பிரெவோ. 2014இல் வீதிப் போட்டியின் உலக சம்பியன். 2015இல் சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ் போட்டியின் உலக சம்பியன். அதே 2015இல் மலைப் போட்டியின் உலக சம்பியன். மூன்று பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் மனிதர் அவர். ஆண்களிலும் அதுவரை ஒருவரும் இல்லை. பிறகு காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் இடுப்புத் தமனி தடித்துக் குறுகிப்போகும் நோய் வந்தது. மணிக்கணக்கில் குனிந்து மிதிப்பவர்களுக்கு வரக்கூடிய ஒன்று. ஓய்வில் ஒன்றும் தெரியாது, உழைக்கும்போது கால் மரத்துவிடும். அதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 2019இல் மீண்டும் மலைப் போட்டியில் உலக சம்பியன் ஆனார். டோக்கியோவில் பதக்கம் கிடைக்கவில்லை. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ மூன்று நிமிட இடைவெளியில் தங்கம் வென்றார். அந்தத் தங்கத்தோடு மலையை விட்டு வீதிக்குத் திரும்பி, 2025 ஏப்ரலில் கருங்கற் பாதைகளுக்குப் பேர்போன பரிஸ்-ரூபே போட்டியை வென்றார். ஓகஸ்ட் 3ஆம் திகதி பெண்களுக்கான பிரான்ஸ் சுற்றுப் போட்டியை, ஒன்பது நாள், 1,100 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை, முதலிடத்தில் முடித்தார். கருங்கல் பாதையில் மலைக்காரி வென்றதில் இரத்தோட்டைக்காரருக்கு ஆச்சரியம் இருக்காது. எங்கள் தோட்டப் பாதைகள் எல்லாமே அந்தச் சாதிதான்.

அவருடைய கதையில் வைத்தியராக நாங்கள் நிற்க வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. பிரான்ஸ் சுற்றின் உயர்ந்த மலைகளுக்காக அவர் நாலு கிலோ அளவில் எடையைக் குறைத்தார். அது முழுக்க ஆரோக்கியமானதல்ல, நீண்ட காலம் தொடரக் கூடியதுமல்ல என்று அவரே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். முப்பதைத் தாண்டிய, வைத்தியர் குழு பக்கத்தில் இருந்த ஒரு சம்பியன் சில வாரங்களுக்குச் செய்தது அது. பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு இராச்சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்து, மாதவிடாய் நின்றால் அது உடம்பு அடிக்கும் மணி. மாதவிடாயோடு எலும்பின் வளர்ச்சியும் பாதிக்கப்படும். எலும்பைச் சேமித்து வைக்கும் வயது இதுதான், இருபதுகளுக்குப் பிறகு வைப்புக் கணக்கில் பெரிதாக ஒன்றும் போட முடியாது என்று வங்கிக்காரர் சொல்லச் சொன்னார்.

எலும்பு என்றதும் இன்னொன்று. சைக்கிள் ஓட்டம் இதயத்துக்கு நல்லது, ஆனால் எலும்புக்கு அவ்வளவாக உதவாது. உடம்பின் பாரத்தைச் சேணம் தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேலை இல்லை. இதிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் காணப்பட்டிருக்கிறது. ஆண் ஓட்டிகளை அளந்த ஓர் ஆய்வில் மலை ஓட்டிகளின் எலும்பு அடர்த்தி வீதி ஓட்டிகளுடையதை விடக் கூடுதலாக இருந்தது. அதிர்வும் குலுக்கலும் எலும்புக்கு ஒரு தூண்டுதல் என்பது ஒரு விளக்கம். குலுங்கும் பாதையைத் திட்டுகிறோம், அதற்கும் ஒரு பயன் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு எடை குறைப்பது பிரச்சினையே இல்லை. இரத்தச் சோகைதான் பிரச்சினை. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைக்கு எந்தச் சைக்கிளைக் கொடுத்தாலும் இரண்டாவது வளைவில் மூச்சிரைக்கும். கழகத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் இரத்தப் பரிசோதனை என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பது அதனால்தான். தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம், ஆனாலும் சொல்கிறோம்: சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்க வேண்டாம். சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் தேநீர் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலை எங்கும் ஓடிப் போகாது.

பின்வரிசைத் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள் ஓடினால் கர்ப்பப்பை இறங்கும், பிள்ளை பிறக்காது என்பதற்கெல்லாம் வைத்தியத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் ஓடலாம், வயிற்றுவலி இருந்தால் இருக்கலாம், அது பிள்ளையின் விருப்பம். மற்றப் பயம் என்னவென்று தெரியும், அதை வெளியே சொல்லாமல் சுற்றிச் சுற்றிக் கேட்பீர்கள். சைக்கிள் சேணம் எந்தப் பிள்ளையின் ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் எழுதுவதில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல் உடைப்பவர்களும் வயல் வேலை செய்பவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய மகள்மார் இன்று தாய்மாராகி இருப்பார்கள்.

இனி நாங்கள் விழுந்த கதை. மறைத்துவைக்கலாம் என்று பார்த்தோம், ஆனால் பத்துச் சைக்கிள்களை எந்த வகையில் வாங்குவது என்ற முடிவு அங்கேதான் பிறந்தது.

சந்தியில் இருந்து கைக்காவல பக்கமாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையை இங்கே எல்லோரும் வானில் போயிருப்பீர்கள். இருபது கிலோ மீற்றருக்குக் கிட்ட வரும். முதலில் வீடும் மிளகுக் கொடியும், பிறகு தேயிலை, பிறகு பைன் மரம், அதற்கு மேலே மூடுபனி, உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் ஆளைத் தள்ளும் காற்றும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தப் பக்கம் 2010இல் உலக மரபுரிமையில் சேர்ந்தது. அதைப் பார்க்க வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். நாங்கள் மூவரும் ஒரு ஞாயிறு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ரேஸ் சைக்கிள் வைத்தியர்தான் முதலில் மேலே போனார். இருபது நிமிடம் கழித்து மலைச் சைக்கிள் வங்கிக்காரர் வந்தார். லுமாலா ஆசிரியை பாதித் தூரம் தள்ளிக்கொண்டு, பாதித் தூரம் பாட்டுப் பாடிக்கொண்டு கடைசியாக வந்தார். மேலே நின்று காத்திருந்தவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. உச்சியில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். தூறத் தொடங்கியது.

இறங்கும்போது முன்னால் போனவரும் அதே வைத்தியர்தான். பைன் ஊசி இலைகள் ஈரத்தில் தார்மேல் ஒட்டிக்கிடந்தன. ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்தது. வளைவுக்குள் நுழைந்த பிறகு இரண்டு பிரேக்கையும் ஒன்றாக இறுக்கினார். பழைய றிம் பிரேக் ஈரத்தில் முதலில் பிடிக்காது, பிறகு ஒரேயடியாகப் பிடிக்கும். பின்சில்லு பூட்டி வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்துக் கானுக்குள் விழுந்தது யாரோ செய்த புண்ணியம். தலைக்கவசம் வெடித்தது, தலை வெடிக்கவில்லை. இடது காறை எலும்பு முறிந்தது. சைக்கிளில் விழுபவர்களுக்கு மிக அதிகமாக முறியும் எலும்புகளில் ஒன்று அதுதான் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், கானுக்குள் கிடந்தபடி தானே தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பின்னால் வங்கிக்காரர் அதே வளைவை, அதே ஈரத்தில், அதே பஸ்ஸைத் தாண்டி, நிதானமாக இறங்கி வந்து நிறுத்தினார். ஏற்றத்தில் இருபது நிமிடம் பின்னால் நின்றவர் அவர்.

அவர் என்ன செய்தார்? வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார், வளைவுக்குள் பிரேக்கை விட்டார். முழங்கையை மடித்து, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, பாரத்தைக் கீழே வைத்திருந்தார். சில்லுக்கு முன்னால் உள்ள பள்ளத்தைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்த்தார். முன்பிரேக்கை ஒரு விரலால், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார். நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன்சில்லில்தான் இருக்கிறது. அதற்குப் பயந்து பின்பிரேக்கையே நம்புகிறவர்கள்தான் வழுக்குகிறார்கள். இவை எதையும் அவர் ஒரு வகுப்பில் படிக்கவில்லை. கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் தம்பியோடு ஓடி, ஐந்து கிலோ மீற்றர் வேகத்தில் பத்துத் தடவை விழுந்து, படித்துக்கொண்டார். மெதுவாக விழுந்து படிக்கும் பாடத்தை வைத்தியர் நாற்பது கிலோ மீற்றர் வேகத்தில் படித்தார்.

உலக மட்டத்திலும் இது நடந்திருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக் பெண்கள் வீதிப் போட்டியில் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் கடைசி ஏற்றத்தில் முன்னிலை எடுத்தார். ஈரமான இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் மூன்று சிறு முறிவுகளோடு வைத்தியசாலைக்குப் போனார். அவர் பின்னர் எழும்பி வந்து உலக சம்பியனானதும், டோக்கியோவில் நேர ஓட்டத்தில் தங்கம் வென்றதும் வேறு கதை. அன்று அவருடைய வலுவில் குறை இருக்கவில்லை.

தூக்குப் பட்டியில் கை கிடந்த ஆறு வாரமும் இதைத்தான் யோசித்தோம். ஏறுவதற்கான வலு எங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. இறங்குவதற்கான கை இல்லை. சமவெளிப் பாடசாலை ஒன்றில் இதே கழகம் தொடங்கினால் ரேஸ் சைக்கிள் வாங்கச் சொல்லியிருப்போம். இரத்தோட்டையில் முதலாவது பாடம் பிரேக்.

ஆகவே பத்தும் மலைச் சைக்கிள்தான். முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் உள்ளது, டிஸ்க் பிரேக் உள்ளது. பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்து மலிவாக விற்கும் சைக்கிளைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பாரம், மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை ஸ்பிரிங்கே விழுங்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய, வழுவழுப்பான டயர் ஒரு சோடி மேலதிகமாக வாங்குகிறோம். அதை மாட்டினால் அதே சைக்கிள் மாத்தளை வரை தார்ப் பாதையில் ஓரளவு நன்றாகவே ஓடும். ரேஸ் சைக்கிளுக்கு முரட்டு டயர் மாட்டித் தோட்டப் பாதையில் ஏற்ற முடியாது. வீதிப் போட்டியில் ஆசை வரும் பிள்ளைக்கு இரண்டாவது வருடத்தில் பார்ப்போம். கூட்டத்தில் ஓடப் பழக்க அப்போது ஒரு நல்ல பயிற்றுநர் தேவைப்படுவார், இந்த மூவராலும் அது முடியாது.

முதல் மூன்று மாதம் மைதானத்தை விட்டு வெளியே போவதில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி. பழைய டயர்களை வரிசையாக வைத்து அதற்குள் வளைந்து ஓடுதல், சொன்ன கோட்டில் நிறுத்துதல், நனைந்த புல்லில் நிறுத்துதல், வேண்டுமென்றே மெதுவாக விழுந்து எழும்புதல். கேள்வி கேட்ட பிள்ளை முதல் பெயராகப் பதிந்திருக்கிறார். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாராம். அம்மா போட்டிருக்கிறார்.

இரண்டு உதவிகள் கேட்டுவிட்டு இறங்குகிறோம். சில்லுக்குக் கம்பி இழுத்து நேராக்கத் தெரிந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் மாதம் ஒரு சனிக்கிழமை அனுப்பி வையுங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு. மற்றது, சைக்கிளுக்கு நிதி சேர்ந்துவிட்டது, தலைக்கவசத்துக்கு இன்னும் நாலு குறைகிறது. வாசலில் உள்ள மேசையில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பக்கத்தில் வெடித்த தலைக்கவசம் ஒன்றும் வைத்திருக்கிறோம், தொட்டுப் பார்க்கலாம்.